உருளை ஏன் இறுகுகிறது, டிகாக்‌ஷன் ஏன் நிற்கிறது

தேவகோட்டையிலிருந்து கேள்வி அனுப்பிய தம்பிக்கு,

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். பச்சைக் காப்பிக்கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுக்க ஆசைப்பட்டு, சுற்றிலும் ஓட்டை போட்ட தகர உருளை ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டீர்கள். கேஸ் அடுப்பின் மேல் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு கிலோ போட்டுக் கையால் சுற்றுகிறீர்கள். கொட்டை வெளியே கருகுகிறது, கடித்தால் உள்ளே பச்சை வாசனை. சூடு ஏறியதும் உருளை இறுகிச் சுற்ற மறுக்கிறது. அந்தக் கொட்டையை மிக்சியில் அரைத்து, ஆயா கொடுத்த பித்தளை பில்டரில் போட்டால் ஒரு நாள் ஐந்து நிமிடத்தில் வெறும் தண்ணீராக இறங்கிவிடுகிறது; இன்னொரு நாள் இரவு ஊற்றியது காலை வரை நிற்கிறது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு மின்சார வறுவல் இயந்திரம் ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு கோளாறுக்கும் காரணம் தெரிகிறது. நான்கையும் காரைக்குடியில் கிடைக்கும் பொருளை வைத்தே சரிசெய்யலாம். முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவன் நான்; பதினான்கு வருடமாக வீட்டில் வறுக்கிறேன். இன்று நீங்கள் நிற்கும் இடத்தில்தான் நானும் தொடங்கினேன். விலை உயர்ந்த இயந்திரத்தை வாங்கினாலும் சூடு எந்த வழியாகக் கொட்டைக்குள் போகிறது என்று தெரியாதவரை அதிலும் கொட்டை கருகும். அது தெரிந்துவிட்டால் எவர்சில்வர் டப்பாவே போதும்.

முதலில் அந்தத் தகரத்தைப் பாருங்கள். உருளையின் மேல் பனிப்பூ விரிந்தது போன்ற பளபளப்பான திட்டுகள் தெரிந்தால் அது துத்தநாகம் பூசிய தகரம், ஜி.ஐ. என்று கடையில் சொல்வார்கள். அந்தப் பூச்சு 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது, உரியத் தொடங்கும். நேரடித் தீ படும் இடத்தில் தகரத்தின் சூடு அதைவிட மிக அதிகமாக ஏறும். உண்ணும் பொருளை அதற்குள் வறுக்கவே கூடாது. இன்றைக்கே அதை ஓரம் வைத்துவிடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சு வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழைய சாமான் கடைகளில் பித்தளை, செம்புப் பாத்திரங்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். அழகான கனமான குண்டா ஒன்றைப் பார்த்ததும் இதையே வறுக்கும் உருளையாக மாற்றினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பித்தளைப் பாத்திரத்துக்குள் ஈயம் பூசியிருப்பார்கள். அந்த ஈயம் என்பது வெள்ளீயம்; அது 232 டிகிரியில் உருகிவிடும். கொட்டையே 220 டிகிரியைத் தொடும்போது பாத்திரத்தின் சுவர் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். உருகிய ஈயம் கொட்டையில் ஒட்டும். பித்தளை வேண்டுமென்றால் டபராவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உருளை. பாத்திரக் கடையில் 20 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ள, கனமான எவர்சில்வர் டப்பா ஒன்றைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். ஓட்டை போட வேண்டாம். ஓட்டை போட்ட உருளையில் தீயின் நாக்கு நேராகக் கொட்டையைத் தொடுகிறது. வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்பதற்கு முதல் காரணம் அதுதான். ஓட்டையில்லாத உருளையில் சுவர் சூடாகி, சுவரும் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து கொட்டைக்குச் சூட்டைக் கொடுக்கின்றன. அதற்கும் மேலாக, அடுப்புக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லை வையுங்கள். தீயை அது பரப்பிக் கொடுக்கும். தோசைக்கல்லுக்கும் உருளைக்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். என்னுடைய கருகல் முக்கால்வாசி இந்தத் தோசைக்கல்லால்தான் தீர்ந்தது.

உருளையின் ஒரு பக்கம் அடைத்து ஷாப்ட், அதாவது சுழல்தண்டு, பொருத்துங்கள். மறுபக்கம் கான்கிரீட் கலக்கும் இயந்திரத்தைப் போல வாய் திறந்திருக்கட்டும்; வாயின் விளிம்பை உள்ளே இரண்டு விரல் மடக்கினால் கொட்டை வெளியே சிந்தாது. உள்ளே மூன்று துடுப்புகள், விரல் அகலத் தகட்டைச் சற்றே சாய்த்துப் பற்றவைத்தால் போதும். துடுப்பு இல்லையென்றால் கொட்டை அடியில் சறுக்கிக்கொண்டே கிடக்கும். ஒரே பக்கம் சூட்டை வாங்கும்.

எவ்வளவு வேகத்தில் சுற்றுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் ஓர் அளவைத் தாண்டினால் கொட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழே விழாமல் சுற்றிவரும். 20 சென்டிமீட்டர் விட்டத்துக்கு அந்த அளவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 சுற்று. அதில் பாதிக்குச் சற்று மேலே, 50 முதல் 60 சுற்றில் ஓட்டினால் கொட்டை மேலே போய் அருவி போல் உதிரும். கையால் சுற்றும்போது விநாடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரே சீராகச் சுற்றக் கை வலிக்கும். நடுவில் வேகம் குறைவதும் கருகலுக்கு ஒரு காரணம். பழைய கார் உதிரிக் கடையில் வைப்பர் மோட்டார் கிடைக்கும். 12 வோல்ட்டில் ஓடும் அது மெதுவான வேகத்தில் 40 சுற்றுக்கு மேலும், வேகமான இணைப்பில் 60 சுற்றுக்கு அருகிலும் சுற்றும். நமக்கு வேண்டியது அதுவேதான். சூடு மோட்டாருக்குப் போகாமலிருக்க ஷாப்டை ஒரு சாண் நீளமாக விடுங்கள்.

உருளை இறுகுவதற்கு வருகிறேன். இதை உங்கள் பட்டறைக்காரரும் சொல்லாமல் விட்டிருக்கிறார். உலோகம் சூட்டில் நீளும். 25 சென்டிமீட்டர் எவர்சில்வர் உருளை 200 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 0.85 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்த நிலையில் இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் கச்சிதமாகப் பொருத்திய உருளை, சூடானதும் இரண்டு தாங்கிகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்கிறது. கச்சிதமாகச் செய்த வேலைதான் இங்கே பிழையாகிவிட்டது. ஒரு பக்கத்தை மட்டும் நகராமல் பிடியுங்கள்; மறுபக்கம் நீளவாக்கில் இரண்டு மில்லிமீட்டர் நகர இடம் கொடுங்கள். திறந்த வாய்ப்பக்கத்தை இரண்டு சிறு உருளிகளின் மேல் உட்கார வைத்தால் அது தானாகவே முன்னும் பின்னும் நகர்ந்துகொள்ளும். பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் உருகி வழிந்து புகையும். உணவுப் பொருளுக்கு அருகே அது ஆகாது. ஷாப்ட் பக்கத்துக்கு கன்மெட்டல் புஷ், அதாவது ஷாப்ட் உள்ளே சுற்றும் வெண்கல வளையம், கடைந்து போடுங்கள். எண்ணெய் வேண்டாம். புஷ்ஷைத் தீயிலிருந்து தள்ளி வையுங்கள். கிறீச்சென்று சத்தம் கேட்டால் பென்சில் கரியைப் பொடித்துத் தூவினால் அடங்கும்.

ஒரு கிலோ போடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை 500 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கொட்டையில் நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு ஈரம் இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 70 கலோரி போதும்; அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். வறுவலின் முதல் பகுதியில் அடுப்பின் பலமெல்லாம் இந்த ஈரத்தை விரட்டுவதிலேயே போய்விடுகிறது. வீட்டு அடுப்பில் ஒரு கிலோ போட்டால் சூடு ஏறாமல் நிற்கிறது. பொறுமையிழந்து தீயைக் கூட்டுகிறோம். மேல் தோல் கருகுகிறது, உள்ளே ஈரம் அப்படியே நிற்கிறது. இது உங்கள் கருகலுக்கு இரண்டாவது காரணம். என் அனுபவத்தில் அரைக் கிலோவுக்கு மேல் வீட்டு அடுப்பு நியாயமாக வறுக்காது.

இப்போது சூட்டை அளக்கும் கம்பி. கே வகைத் தெர்மோகப்பிள், எவர்சில்வர் உறை போட்டது, 3 மில்லிமீட்டர் கனம். அதைவிடத் தடித்தது வாங்காதீர்கள். கொட்டையின் சூடு மாறி வெகுநேரம் கழித்துத்தான் அது சொல்லும். உருளையின் திறந்த வாய்க்கு முன்னால் சுற்றாத ஒரு தகட்டை நிறுத்தி, அதன் வழியாகக் கம்பியை உள்ளே விடுங்கள். முனை, கொட்டை உதிர்ந்து குவியும் இடத்துக்குள் புதைந்திருக்க வேண்டும். வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால் அது காற்றின் சூட்டையே காட்டும். வாங்கியதும் ஐஸ் தண்ணீரில் ஒரு தடவை, கொதிக்கும் தண்ணீரில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். 0, 100 என்ற இரண்டு எண்ணும் ஓரிரண்டு டிகிரிக்குள் வந்தால் கம்பி நல்லது.

வறுபடும்போது கொட்டை இரண்டு கட்டமாக வெடித்துச் சத்தம் போடும். புத்தகத்தில் முதல் வெடிப்பு 196 டிகிரியில் வரும், இரண்டாவது 224 டிகிரி வாக்கில் வரும் என்று இருக்கும். உங்கள் கம்பி 188 என்று காட்டலாம், 203 என்றும் காட்டலாம். கம்பி நிற்கும் இடம், கொட்டையின் அளவு, உருளையின் கனம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை மாற்றும். கவலை வேண்டாம். சோளப்பொரி வெடிப்பது போல் படபடவென்று சத்தம் கேட்கும் நொடியில் கம்பி எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் உங்கள் உருளையின் முதல் வெடிப்பு எண். அடுத்த பத்து வறுவலில் அந்த எண் இரண்டு மூன்று டிகிரிக்குள் திரும்பத் திரும்ப வந்தால் கருவி உங்களுக்குப் பழகிவிட்டது என்று பொருள். வராவிட்டால் கம்பி நகர்ந்திருக்கிறது, அல்லது காற்று புகுகிறது.

காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நம் வீடுகளில் முகப்பிலிருந்து பட்டாலை, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு என்று கடைசிக் கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். வெயில் காலத்தில் அந்தக் கோட்டில் ஓடும் காற்றுதான் வீட்டைக் குளிர வைக்கிறது. நானும் முதல் இரண்டு வருடம் அந்தக் கோட்டிலேயே அடுப்பை வைத்து வறுத்தேன். ஒரு நாள் 11 நிமிடத்தில் வெடிப்பு வரும், மறுநாள் அதே கொட்டை அதே தீயில் 15 நிமிடம் ஆகும். கொட்டையைக் குறை சொன்னேன், கேஸைக் குறை சொன்னேன். ஆடி மாதத்தில் ஒருநாள் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிவதை என் மனைவிதான் காட்டினார். அன்றே அடுப்பை வளவின் மூலைக்கு மாற்றி, மூன்று பக்கமும் தகரம் வைத்து மறைத்தேன். வளவின் திறந்த மேற்புறம் புகையைத் தானாக மேலே இழுத்துக்கொள்ளும், புகைபோக்கி தேவையில்லை. மூலையில் வைப்பதானால் மரத்தூண்களிலிருந்தும் உத்தரத்திலிருந்தும் நன்றாகத் தள்ளி வையுங்கள். கொட்டையிலிருந்து உரியும் உமி காகிதம் போல் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு வறுவலுக்குப் பிறகும் அதைக் கூட்டி எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

கேஸ் குழாயில் அழுத்தமானி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டு ரெகுலேட்டரும் குழாயும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதை வெட்டி இணைப்பு போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுப்புத் திருகுக்குப் பின்னால் ஒரு வட்ட அட்டையை ஒட்டி, கடிகாரம் போல் பன்னிரண்டு கோடு போடுங்கள். "நான்கு மணித் தீ", "ஏழு மணித் தீ" என்று நோட்டில் எழுதலாம். பதினான்கு வருடமாக எனக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

ஒரு வறுவல் எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறேன். உருளையைச் சுற்றவிட்டு, கம்பி 190 காட்டும்வரை காலியாகச் சூடேற்றுங்கள். கொட்டையைப் போட்டதும் எண் விழும். ஒன்றரை நிமிடம் வாக்கில் அடி தொட்டு மறுபடி ஏறத் தொடங்கும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை எழுதுங்கள். 150 வாக்கில் பச்சை நிறம் போய் வைக்கோல் நிறம் வரும், பச்சைப்புல் வாசனை போய் ரொட்டி சுடும் வாசனை வரும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகட்டும். பிறகு சூடு ஏறும் வேகம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வர வேண்டும். முதல் வெடிப்புக்கு ஒரு நிமிடம் முன்னால் தீயைக் குறையுங்கள். வெடிக்கும்போது கொட்டையே சூட்டை வெளிவிடும். அந்த நேரத்தில் தீ அதிகமாக இருந்தால் கட்டுக்கடங்காமல் ஓடிவிடும். பத்து முதல் பன்னிரண்டு நிமிடத்தில் வெடிப்பு வந்து, அதற்குப் பிறகு இரண்டிலிருந்து இரண்டரை நிமிடம். பாலோடு குடிக்கும் நம் காப்பிக்கு இரண்டாவது வெடிப்பின் முதல் ஓரிரு சத்தம் கேட்கும் முன் இறக்குவது எனக்குப் பிடிக்கும். எண்ணெய் வழியும்வரை கறுப்பாக்குவதுதான் ருசி என்று பலர் சொல்வார்கள். அது எல்லாக் கொட்டையையும் ஒரே கசப்பாக்குகிறது. அப்படி வறுக்க நல்ல கொட்டை வாங்குவது வீண்.

நிறத்தைப் பார்த்து மட்டும் இறக்காதீர்கள். சாயங்கால வெளிச்சத்தில் ஒரு நிறம், பல்பு வெளிச்சத்தில் ஒரு நிறம். தராசு ஏமாற்றாது. 500 கிராம் போட்டு 425 கிராம் வந்தால் 15 சதவீதம் குறைந்திருக்கிறது, நடுத்தர வறுவல். 410 வந்தால் கறுத்த வறுவல். 440க்கு மேல் நின்றால் உள்ளே இன்னும் வேகவில்லை, துவர்க்கும். உங்கள் அடுத்த மூன்று வறுவலையும் எடை போட்டுப் பாருங்கள். வெளியே கறுப்பாக இருந்தும் எடை குறையாமல் நின்றால் நான் மேலே சொன்ன கருகலின் சாட்சி அதுதான்.

ஆறவைப்பதைப் பலர் வேலையாகவே எண்ணுவதில்லை. இறக்கிய கொட்டை தன் சூட்டிலேயே இன்னும் வெந்துகொண்டிருக்கும். நான்கு நிமிடத்துக்குள் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட வேண்டும். அரிசி சலிக்கும் பெரிய சல்லடையை, அடிவெட்டிய ஒரு பிளாஸ்டிக் வாளியின் மேல் வைத்து, கீழிருந்து மேசை மின்விசிறியின் காற்று வரும்படி செய்தேன்; உமியும் பறந்துவிடுகிறது. காற்று வெளியே போகும் திசையில் துணி காயப்போட்டிருக்கக் கூடாது. சித்திரை, வைகாசி மதியத்தில் வெளிக்காற்றே 38, 39 டிகிரி இருக்கும். அப்போது எந்த விசிறியும் சீக்கிரம் ஆற்றாது. விடிகாலை ஐந்தரைக்கு வறுப்பதுதான் நம் ஊருக்குத் தோது. ஆறிய கொட்டையை அன்றே அரைக்காதீர்கள். கரியமில வாயு உள்ளேயிருந்து வந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் ஜாடியில், மூடியை இறுக்காமல் வைத்திருங்கள். அதற்குப் பிறகு இறுக்கி மூடலாம். பீங்கான் ஜாடி இருந்தால் அதற்கு ஈடில்லை.

எந்தக் கொட்டை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. பழகும்போது அளவு ஒரே சீராக இருக்கும் பிளான்டேஷன் ஏ என்ற தரத்தை வாங்குங்கள், 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் கொட்டை அது. பெரிதும் சிறிதும் கலந்த கொட்டையில் சிறியது கருகும்போது பெரியது வேகாமல் இருக்கும். பிழை உருளையுடையதா கொட்டையுடையதா என்று தெரியாது. பீபெரி, அதாவது பழத்துக்குள் ஒற்றையாக விளையும் கொட்டை, உருண்டையாக இருப்பதால் உருளைக்குள் அழகாக உருளும். ஏற்காடு, தாண்டிக்குடிப் பக்கத்து அராபிகா நமக்கு எட்டும் தூரத்தில் விளைவது. கை பழகியபின் அதைத் தேடி வாங்குங்கள்.

இனி ஆயாவின் பில்டர்.

ஒரு நாள் ஓடுவதும் ஒரு நாள் நிற்பதும் ஒரே கோளாறின் இரண்டு முகம். மிக்சியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, அடித்து உடைக்கிறது. ஒரே அரைப்பில் ரவையும் இருக்கும், விபூதி போன்ற மாவும் இருக்கும். ரவை அதிகமான நாளில் தண்ணீர் ஓடிவிடுகிறது. மாவு அதிகமான நாளில் அடியில் சேறு போல் படிந்து ஓட்டைகளை அடைக்கிறது. கொட்டையை நடுவில் விட்டு அரைக்கும் இரண்டு பல்சக்கரம் உள்ள கை அரவை இயந்திரம் ஒன்று வாங்குங்கள். நீங்கள் செலவு செய்வதானால் வறுவல் இயந்திரத்துக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவு செய்யுங்கள். பழைய வார்ப்பிரும்பு அரவையே வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பேனா மையை ஒரு சக்கரத்தில் தடவி, மெல்லத் தொட்டுச் சுற்றினால் எந்தப் பக்கம் மை அழிகிறதோ அந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றை அடியில் கொடுத்தால் சமமாகும். பட்டறையில் செய்கிற வேலைதான் இது, ஆனால் இதைச் செய்த அன்று காப்பியின் ருசி மாறியதைப் போல் வேறெதிலும் நான் பார்த்ததில்லை. துவர்ப்பும் கசப்பும் ஒரே டம்ளரில் சேர்ந்து வருவது நின்றுபோனது.

அடுத்து, ஓட்டைகளை விளக்கில் பிடித்துப் பாருங்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு பாதி ஓட்டைகளை மூடியிருக்கும். எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். ஆணி வைத்துக் குத்தாதீர்கள். பெரிதான ஓட்டையை மறுபடி சிறிதாக்க முடியாது. சுத்தம் செய்தபின் காலிப் பில்டரில் 200 மில்லி தண்ணீர் ஊற்றி எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை சோதித்தால் அடைப்பு வரும் முன்பே தெரிந்துவிடும்.

காலை வரை நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் மிகக் கச்சிதமாக உட்காருகிறதா? ஆவி படிந்து அந்த இணைப்பை ஈரம் அடைத்துவிடும். கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல், மேலிருந்து டிகாக்‌ஷன் இறங்க மறுக்கும். மேல் பாத்திரத்தை நூலளவு தூக்கிப் பாருங்கள். சொட்டத் தொடங்கினால் காரணம் அதுதான். விளிம்பில் ஒரு தென்னை ஈர்க்குச்சியைச் செருகி வைத்தால் போதும். பழைய வீடுகளில் பில்டரின் தலையில் ஒரு தட்டு தட்டுவார்கள்; காரணம் சொல்லாமலே இந்தக் காற்றடைப்பைத்தான் எடுத்தார்கள்.

பித்தளை பில்டரில் குடிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. டிகாக்‌ஷன் சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளது. உள்பூச்சு தேய்ந்த பித்தளையில் மணிக்கணக்கில் நின்றால் செம்பு இறங்கும். மீண்டும் ஈயம் பூச வேண்டும். அதற்குத் தூய வெள்ளீயக் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுத்து, எதிரிலேயே உட்கார்ந்து பூசச் சொல்லுங்கள். காரீயம் கலந்தால் அது நஞ்சு. பில்டரின் அடித்தட்டு பற்றாசு (சால்டர்) வைத்து ஒட்டியதாக இருந்தால், பழைய பற்றாசில் காரீயம் இருக்கும். அப்படியானால் ஆயாவின் பில்டரை முகப்பில் கண்ணாடி அலமாரிக்குள் மரியாதையாக வைத்துவிட்டு எவர்சில்வர் பில்டரில் போடுங்கள். மனம் ஒப்பாது என்று தெரியும். என் அப்பத்தாவின் பில்டரும் அலமாரியில்தான் இருக்கிறது.

அளவு: 30 கிராம் பொடிக்கு 180 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் 120 மில்லி வாக்கில் டிகாக்‌ஷன் கிடைக்கும். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி முக்கால் நிமிடம் காத்திருங்கள். புதிய வறுவலில் வாயு நுரைத்து வெளியேறும். அது போகாமல் மொத்தத் தண்ணீரையும் ஊற்றினால் வாயு பொடியைக் கிளப்பி நடுவில் வழி உண்டாக்கும், தண்ணீர் அந்த வழியிலேயே ஓடிவிடும். குடை போன்ற தட்டால் மெல்லச் சமப்படுத்துங்கள், அழுத்த வேண்டாம். 12 முதல் 15 நிமிடத்தில் இறங்கி முடிந்தால் அரவை சரி. சீக்கிரம் இறங்கிப் புளித்தால் பொடியை நைசாக்குங்கள். நேரமாகிக் கசந்தால் பருமனாக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று ஒருபோதும் தெரியாது.

சிக்கரி சேர்ப்பவரானால் அது தண்ணீரில் ஊறி உப்பி, இறங்குவதை மெதுவாக்கும். அதனால் சிக்கரிக் கலவைக்குப் பழகிய அரவையில் வெறும் காப்பியைப் போட்டால் ஓடிவிடும். வறுவலையும் அரவையையும் சரிசெய்யும்வரை சிக்கரி வேண்டாம்; அது பிழைகளை மூடிவிடும். பிறகு நூற்றுக்கு இருபது உங்கள் விருப்பம்.

தண்ணீரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வாக்கில் உள்ள தண்ணீர் காப்பிக்கு நல்லது. ஆர்.ஓ. தண்ணீரில் அது 20, 30 என்று இறங்கிவிடும். டிகாக்‌ஷன் கூர்மையாகப் புளிக்கும், வாயில் கனம் இருக்காது. சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீரோ ருசியையே மழுங்கடிக்கும். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைக் கொண்டாடுவது வெறும் ஊர்ப்பெருமை அல்ல. உங்களுக்கு அது எட்டாவிட்டால், ஆர்.ஓ. தண்ணீரில் போர்வெல் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 120க்கும் 150க்கும் நடுவில் நிறுத்துங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் அரவையும் பில்டரும்; கடையில் வறுத்த நல்ல கொட்டையை வாங்கி அதில் பழகுங்கள். பில்டர் ஒரே சீராக இறங்கத் தொடங்கிய பிறகுதான் புது உருளையில் கை வையுங்கள். அப்போதுதான் டம்ளரில் தெரியும் பிழை வறுவலுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியும். புது உருளையை முதல் தடவை காலியாக அரைமணி சூடேற்றி, ஆறவைத்துக் கழுவி, மலிவான கொட்டை கால் கிலோவை வறுத்துக் கொட்டிவிடுங்கள். வெல்டிங் புகை வாசனை அதோடு போகும்.

புஷ் கடைவதற்குப் பட்டறையில் அளவு கேட்பார்கள். ஷாப்டின் விட்டத்தை வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து எனக்கு அனுப்புங்கள், எவ்வளவு தளர்வு விட வேண்டும் என்று சொல்கிறேன். உருளை நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.